சவர்க்காரம் காய்ச்சிய வீடு

வயதானவர்களைப் பார்க்கும் வேலைக்கு இப்போது வருகிற பிள்ளைகள் முதலில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போகிறார்கள். முடிவில் சோதனை வைத்துச் சான்றிதழும் கொடுக்கிறார்களாம். போன மாதம் கோயில் அன்னதானத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை ஒன்று, "அன்ரி, உங்கடை காலத்திலை உங்களை ஆர் சோதிச்சது?" என்று சிரித்துக்கொண்டு கேட்டது.

"ஒரு ஜட்ஜ்" என்றேன்.

பிள்ளை பகிடி என்று நினைத்துவிட்டது. பகிடி இல்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து மெதுவாகத்தான் வரும். எனக்கும் அவசரம் ஒன்றுமில்லை.

நான் இலங்கையிலிருந்து இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்த கதை எல்லாருடைய கதையும்தான். மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு கோடை முழுக்கக் கோப்பை கழுவினேன். பிரான்காச்சோவில் மாடிப்படி கழுவினேன். பிறகு வீட்டு வேலை. எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கே என் பெயர் மரியா. பரமேஸ்வரி என்று சொன்னால், "ஆ, மரியா!" என்பார்கள். வேலை செய்ய வந்த இடத்தில் பெயருக்குச் சண்டை பிடிக்க ஏலுமா? விட்டுவிட்டேன். ஆனால் என் வேலையில் ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை. நான் கழுவிய தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் மன்னார் றோசலின் அக்கா ஒரு வேலை சொன்னார். துறைமுகத்துக்குக் கிட்ட, மூன்றாம் மாடி. தனியே இருக்கிற ஒரு வயதான சின்யோராவோடு, மரியாதைக்குரிய பெண்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள், தங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்கு வேண்டிய வேலை ஒப்பந்தமும் போட்டுத் தருவார்.

"என்ன மாதிரி ஆள், அக்கா?"

"புத்தகம் தின்னுற கிழவி. பயப்பிடாதை, ஆக்களைக் கடிக்காது."

சின்யோரா எல்விரா பல்கலைக்கழகத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஜெர்மன்காரர், ஆங்கிலேயர் எல்லாருக்கும் முன்னோராய் வடக்கே இருந்த சனங்கள் பேசிய பழைய மொழிகள்தான் அவருடைய படிப்பு. வீட்டில் சுவரே தெரியாது, புத்தகம். முதல் நாள் கதவைத் திறந்து பெயர் கேட்டார். மரியா என்று சொன்னேன்.

"அது நான் கேட்ட கேள்விக்கு மறுமொழி இல்லை. உங்கடை தாய் வைச்ச பேர் என்ன?"

சொன்னேன். வாசலில் நிற்க வைத்தே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பழகினார். 'ஸ்வ' வரும் இடத்தில் தடுக்கினார், விடவில்லை. சரியாக வந்த பிறகுதான், "உள்ளை வாங்கோ, பரமேஸ்வரி" என்றார். இத்தாலி மொழியில் நீ, நீங்கள் என்று இரண்டு இருக்கிறது. எங்களைப் போன்றவர்களை இங்கே எல்லாரும் நீ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கடைசிவரை என்னை நீங்கள் என்றே சொன்னார்.

அதற்காக அவரை இனிய மனுசி என்று நினைத்துவிடக் கூடாது. சரியான கடுமை. "சந்தையிலை மீன் இல்லை" என்று சொன்னால், "எல்லாக் கடையையும் பாத்தீங்களோ?" என்பார். "ஒரு கடை பாக்கேல்லை" என்றால், "அப்ப, நான் பாத்த கடையிலை மீன் இல்லை எண்டு சொல்லுங்கோ." இப்படித்தான் காலையும் மாலையும். கண்டது எது, கேட்டது எது, நினைத்தது எது என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது.

அவர் அந்தக் காலத்தில் ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தார். அது என்ன சொல் என்றால், சவர்க்காரம், அதுதான் சோப்பு. இதைக் கேட்டு றோசலின் அக்கா கண்ணீர் வரச் சிரித்தார். "சவர்க்காரத்தைப் பற்றிப் புத்தகம் எழுதுற ஆளுக்குக் குளியலறையிலை சவர்க்காரம் முடிஞ்சது தெரியாதாம்!"

இந்த ஊரில் அதற்கு 'சப்போனே' என்று சொல்கிறோம். அது உரோமர்களுடைய சொந்தச் சொல் இல்லை என்று சின்யோரா சொன்னார். உரோமர்கள் மேலுக்கு எண்ணெய் பூசி வழித்தெடுத்துக் குளித்தவர்கள். கொழுப்பையும் சாம்பலையும் சேர்த்துச் செய்யும் இந்தச் சாமானை வடக்கே இருந்தவர்களிடம்தான் கண்டார்களாம். அங்கே அது அழுக்குப் போக்கக்கூட இல்லையாம், தலைமயிரைச் சிவப்பாக்கப் பூசுவதாம். பெண்களைவிட ஆண்கள் கூடப் பூசினார்களாம். "காட்டுமிராண்டி எண்டு சொன்ன ஆக்களிட்டைத்தான் சவர்க்காரத்தை வாங்கினவை" என்று சொல்லிக் கையைத் தட்டிச் சிரிப்பார். சிரிக்கும்போது மட்டும் ஒரு சின்னப் பெண்பிள்ளை போல இருப்பார்.

சாப்பாட்டு மேசை முழுக்கச் சின்னச் சின்ன அட்டைகள். பழைய ஆங்கிலத்தில் ஸாப்பெ, பழைய ஜெர்மனில் ஸைஃபா. எல்லாவற்றுக்கும் நடுவில் ஓர் அட்டை. அதில் சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார். அது ஏன் என்று கேட்டேன்.

"அந்தச் சொல்லை எழுத்திலை ஒருத்தரும் கண்டதில்லை, பரமேஸ்வரி. அந்தச் சனங்கள் அந்தக் காலத்திலை எழுதி வைக்கேல்லை. இந்தப் பிள்ளையளின்ரை முகங்களைப் பாத்து, செத்துப்போன தாயின்ரை முகம் இப்பிடி இருந்திருக்கும் எண்டு நாங்கள் சொல்லுறம். கண்டது இல்லை, நினைச்சது எண்டதுக்குத்தான் நட்சத்திரம். அதைப் போடாமல் விடுறவன் கள்ளன்."

அவருக்குப் பிடித்த சாட்சி பின்லாந்துக்காரர். அவர்கள் வேறு குலம், பாஷையும் வேறு. ஆனால் அயலில் இருந்ததால் அந்தச் சொல்லை வெகு காலத்துக்கு முன்னமே இரவல் வாங்கிவிட்டார்கள். 'சைப்புவா' என்று இன்றைக்கும் சொல்கிறார்களாம். சொந்தக்காரர் வீடுகளில் அது தேய்ந்து வேறு வேறு விதமாகப் போய்விட்டது. இரவல் வாங்கிய வீட்டிலோ பழைய சத்தம் அப்படியே கிடக்கிறது. அதை வைத்துத்தான் அந்த நட்சத்திரச் சொல்லைக் கட்டியிருந்தார்.

எங்கள் சொல்லையும் கேட்டார். சவர்க்காரம் என்றேன். சவர் என்றால் உப்புத்தன்மை, காரம் என்றால் எரிவது, இரண்டும் சேர்ந்தது என்று எனக்குத் தோன்றியதையும் பெருமையோடு சொன்னேன்.

"வடிவாய்ப் பிரியுது. வடிவாய்ப் பிரியிறதெல்லாம் உண்மை எண்டில்லை. பழைய எழுத்துகளிலை ஆரும் தேடிப் பாத்திருக்கினமோ?"

"எனக்குத் தெரியாது, சின்யோரா."

"நல்ல மறுமொழி. அதை மாத்தாதேங்கோ."

எனக்கு அன்று முழுக்க முகம் தொங்கித்தான் இருந்தது.

அந்த நட்சத்திரச் சொல்லின் முதற் கருத்து 'சொட்டுவது' என்று அவர் நினைத்தார். மரத்திலிருந்து சொட்டும் பிசினுக்கும் பழைய ஜெர்மனில் அதே சொல் இருக்கிறதாம். கொழுப்பு என்பதிலிருந்து வந்தது என்று சொல்கிறவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு மறுப்பு எழுதும்போதுதான் அவருக்கு அந்த ஆசை வந்தது. "பேர் வைச்சவனுக்குக் கண் இருந்திருக்கும். அவன் என்னத்தைக் கண்டிருப்பான் எண்டு நானும் ஒருக்காப் பாக்கவேணும்."

சந்தையில் ஆட்டுக் கொழுப்பு வாங்கி வந்தேன். பாண் சுடும் கடையில் விறகுச் சாம்பல் கேட்டு வாங்கினேன். சாம்பலைத் துணியில் கட்டி, மேலே தண்ணீர் விட, கீழே தேத்தண்ணி நிறத்தில் ஒரு நீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. சின்யோரா முக்காலியைப் போட்டு அதற்கு முன்னால் இருந்துவிட்டார். கண் எடுக்கவில்லை. அந்த நீரைக் கொழுப்போடு விட்டுக் காய்ச்ச வேண்டும். முதல் தரம் காய்ச்சியது திரளவில்லை, நாற்றம் மட்டும்தான். கீழ் வீட்டுக்காரி படியில் நின்று கத்தினாள். இரண்டாந் தரம் காய்ச்சும்போது சாம்பல் போதாது என்று என்னை அனுப்பினார். நான் பாண்கடைக்குப் போனேன்.

திரும்பி வரும்போது படியெல்லாம் புகை. நான் எப்படி மூன்று மாடி ஏறினேன் என்று தெரியாது. கதவு திறந்திருந்தது. குசினியில் சின்யோரா அடுப்புக்கு முன்னால் நின்றார். பானைக்கு மேல் ஈரத் துவாய். காஸ் திருகி மூடப்பட்டிருந்தது. சுவர் கறுப்பு. அவருடைய வலக்கை சிவந்து பொங்கியிருந்தது. "அவன் கண்டது இதில்லை" என்று மட்டும் சொன்னார். பிறகு தீயணைப்புக்காரர் வந்தார்கள். கீழ் வீட்டுக்காரி கூப்பிட்டிருந்தாள்.

அன்று பின்னேரமே ரிக்கார்டோ வந்தார். சின்யோராவின் தம்பியின் மகன், மொண்டெல்லோவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். கெட்ட மனிதன் என்றால் அவரை வெறுப்பது எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் கெட்டவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இனிப்புப் பெட்டியோடு வருவார், மாமியின் நெற்றியில் கொஞ்சுவார். அன்று கறுத்த சுவரைப் பார்த்துவிட்டுக் கதிரையில் இருந்து அழுதார். அழுது முடித்ததும் கத்தத் தொடங்கினார்.

"மாமி, நீங்கள் செத்திருப்பீங்கள்! கன்னியாஸ்திரிமாரின்ரை இல்லத்திலை தோட்டம் இருக்கு, வைத்தியர் இருக்கிறார்."

"அங்கை என்ரை அட்டையளை எங்கை வைக்கிறது?"

"அட்டை! ஆட்டுக் கொழுப்பு! உங்களுக்குச் சுகமில்லை, மாமி." என் பக்கம் திரும்பினார். "நீயும் சேந்து நிண்டு காய்ச்சினனியோ?"

"ஓம்" என்றேன்.

சில கிழமை கழித்து நீதிமன்றக் கடிதம் வந்தது. சின்யோராவுக்குத் தன் காரியத்தைத் தானே பார்க்கும் புத்தித் தெளிவு இல்லை என்று சொல்லி, தன்னைப் பொறுப்பாக்கும்படி ரிக்கார்டோ கேட்டிருந்தார். அது கிடைத்தால் வீடு, காசு, எங்கே இருப்பது எல்லாம் அவர் கையில். சின்யோரா இல்லத்துக்குப் போக வேண்டும். என் ஒப்பந்தமும் முடிந்தது. ஒப்பந்தம் இல்லாமல் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க ஏலாது. என்னுடையது அந்தக் கோடையில் முடிய இருந்தது.

எங்களுக்காக வந்த வழக்கறிஞர் மெல்லிய மனிதர், வேர்த்துக்கொண்டே இருப்பார். சாட்சியாக என் பெயரைக் கொடுக்க நானும் அவரோடு நீதிமன்றத்துக்குப் போனேன். அந்த நாட்களில் மாஃபியாவுக்குப் பயந்து அதன் வாசலில் துவக்கோடு ஆமிக்காரர் நிற்பார்கள். துவக்குக்குப் பயந்து நான் எத்தனை கடல் தாண்டி வந்தவள். ஆனாலும் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் உள்ளே போனேன்.

சின்யோராவுக்கு முழங்கால் ஏலாது, படி இறங்க முடியாது. அதனால் நீதிபதி வீட்டுக்கே வந்து விசாரிப்பது என்று முடிவானது. வழக்கறிஞர் அவரைப் பேராசிரியை என்று மரியாதையாகக் கூப்பிட்டுப் பாடம் சொல்லிக் கொடுத்தார். "புரொபெசொரெஸ்ஸா, கெஞ்சிக் கேக்கிறன். ஓம் அல்லது இல்லை. அதுக்கு மேலை ஒண்டும் வேண்டாம்."

"உண்மை இரண்டுக்கும் நடுவிலை கிடந்தா?"

வழக்கறிஞர் கைலேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

அந்த நாள் வந்தது. நான் விடியவே தரையைத் துடைத்து, சின்யோராவுக்குத் தலை வாரி, நீலச் சட்டை போட்டுவிட்டேன். குசினிச் சுவருக்கு முன்னமே வெள்ளை அடித்தாயிற்று. நீதிபதி ஒரு பெண், என் மூத்த மகளின் வயது இருக்கும். குறிப்பெடுக்க ஒரு பொடியன் கூட வந்தான். ரிக்கார்டோ கதவோரம் நின்றார். நான் சுவரோடு நின்றேன்.

"இண்டைக்கு என்ன திகதி, புரொபெசொரெஸ்ஸா?"

"எனக்குத் தெரியாது."

ரிக்கார்டோ பெருமூச்சு விட்டார். அன்று காலையில் தேத்தண்ணி கொடுக்கும்போது திகதியை இரண்டு தரம் சொன்னவள் நான்.

"ஊகிச்சுச் சொல்லலாம். வேணுமோ?"

"சொல்லுங்கோ."

"வியாழன் பின்னேரம் பரமேஸ்வரிக்கு லீவு. நேற்றுப் பின்னேரம் அவ வீட்டிலை இல்லை. அப்ப இண்டைக்கு வெள்ளி. கீழை மீன்காரன் வாள்மீன் எண்டு கத்துறான், வெயில் இன்னும் அந்த மூலைக்கு வரேல்லை. அப்ப மே முடியுது, இல்லாட்டி ஜூன் துவங்குது. அதுக்கு மேலை கிட்டப் போக என்னட்டைச் சாட்சி இல்லை. காலமை அவ ஒரு திகதி சொன்னவதான். ஆனா அது கேட்டது, எனக்குத் தெரிஞ்சது இல்லை. நான் ஊகிச்சதை நட்சத்திரம் போட்டு எழுதுங்கோ."

பொடியன் நிமிர்ந்தான். "என்னத்தைப் போட?"

நீதிபதி சிரிக்கவில்லை. வழக்கறிஞர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பானையை அடுப்பிலை வைச்சிட்டு மறந்துபோனீங்களோ?"

ஓம், இல்லை என்ற இரண்டில் ஒன்றுதான் வேண்டியது. இல்லை என்று சொன்னால் முடிந்தது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது.

"என்னட்டைக் கேக்கிறது பிழை, சின்யோரா நீதிபதி. மறந்தவளுக்குத் தான் மறந்தது தெரியாது. தன்ரை மறதிக்கு ஒரு ஆள் சாட்சி சொல்ல ஏலாது. வேறை சாட்சியைக் கேளுங்கோ."

"பாத்தீங்களோ!" என்றார் ரிக்கார்டோ. அவர் குரலில் வெற்றி இல்லை, பயம்தான் இருந்தது.

நீதிபதி என்னைக் கூப்பிட்டார். நான் போய் மேசைக்கு முன்னால் நின்றேன்.

"இவள் என்னவும் சொல்லுவாள்" என்றார் ரிக்கார்டோ. "இவளின்ரை பெர்மெஸ்ஸோ மாமியிலை தொங்குது."

"உண்மையோ?" என்று நீதிபதி என்னைக் கேட்டார்.

"உண்மை. அடுத்த மாசம் முடியுது."

"பானை எரியேக்கை நீங்கள் எங்கை?"

"பாண்கடையிலை. சாம்பல் வாங்கப் போனனான்."

"அவ மறந்தவவோ?"

வழக்கறிஞர் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் கெஞ்சல். என் நாக்கில் 'இல்லை' என்ற சொல் வந்து நின்றது. ஒரே சொல். அதைச் சொன்னால் எங்கள் இருவருக்கும் வீடு. நான் சின்யோராவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இல்லை. மீன் இல்லை என்று நான் வந்து சொல்லும்போது பார்ப்பாரே, அதே பார்வை.

"நான் கண்டதைச் சொல்லுறன்" என்றேன். "படியிலை புகை. கதவு திறந்து கிடந்தது. சின்யோரா அடுப்புக்கு முன்னாலை நிண்டவ. பானைக்கு மேலை ஈரத் துவாய். காஸ் மூடிக் கிடந்தது. அவவின்ரை கை எரிஞ்சிருந்தது. இவ்வளவும் நான் கண்டது. வீட்டிலை வேறை ஒருத்தரும் இல்லை, அதாலை காஸை மூடினது அவ எண்டு நினைக்கிறன். அது நினைச்சது. அதுக்கு முன்னம் அவ மறந்தவவோ, நித்திரையோ, பாத்துக்கொண்டு நிண்டவவோ, நான் காணேல்லை. காணாததை நான் சொல்லமாட்டன்."

பொடியனின் பேனைச் சத்தம் மட்டும் கேட்டது. நீதிபதி சின்யோராவிடம் திரும்பி, சவர்க்காரத்தில் என்னதான் இருக்கிறது என்று கேட்டார். சின்யோரா சொன்னார். உரோமர், சிவந்த தலைமயிர், பின்லாந்து, பிசின், எல்லாம். கொழுப்புக் கட்சிக்காரரின் நியாயத்தையும் விடாமல் சொன்னார். தன் பானையைப் பற்றியும் சொன்னார். "பானை ஒரு சொல்லுக்கும் சாட்சி இல்லை. சாம்பல் நீர் சொட்டினதைக் கண்டன். பேர் வைச்சவன் அதைத்தான் கண்டான் எண்டு அதை வைச்சுச் சொல்ல ஏலாது. காய்ச்சினது வீண்." ரிக்கார்டோ நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் போனதும் வழக்கறிஞர் என்மேல் பாய்ந்தார். "ஒரு சொல்லு! ஒரே ஒரு சொல்லு, சின்யோரா!" முதல் முதலாக அன்றைக்குத்தான் அவர் என்னைச் சின்யோரா என்று கூப்பிட்டார். கோபத்தில் அவருக்குத் தெரியவில்லை.

றோசலின் அக்காவும் விடவில்லை. "ஒரு பொய் சொன்னா உன்ரை வாய் வெந்துபோகுமோடி? நான் மாதாவிட்டைச் சொல்லி மன்னிப்பு வாங்கித் தந்திருப்பன். இப்ப எங்கை போகப்போறாய்?"

"தெரியாது, அக்கா."

"நல்லாப் பழக்கிப்போட்டாள் கிழவி."

தீர்ப்பு வரும்வரை அந்த வீட்டில் இருந்த மாதிரி வேறெங்கும் நான் இருந்ததில்லை. மணி அடித்தால் இரண்டு பேரும் நிமிர்வோம். நான் என் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே இருந்து வெளியில் எடுத்து வைத்தேன். அவர் அதைக் கண்டார். அவரும் அட்டைகளைப் பெட்டிகளில் அடுக்கினார். பானையைப் பற்றி ஒரு கதையும் இல்லை.

கடைசியில் வழக்கறிஞர்தான் மூச்சு வாங்கப் படியேறி வந்து சொன்னார். வீட்டை விற்பது, பெருந்தொகை எடுப்பது போன்ற காரியங்களுக்கு ரிக்கார்டோவின் ஒப்பமும் வேண்டும். மற்றப்படி சின்யோரா தன் வீட்டில் தன் எண்ணப்படி இருக்கலாம். அரைவாசி வெற்றி என்றார். சின்யோரா தலையை ஆட்டினார். நான் குசினிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், சத்தம் கேட்கக் கூடாதென்று.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டேன். வழக்கு முடிந்தது, இனிக் கேட்டால் ஒருவருக்கும் நட்டமில்லை.

"சின்யோரா, உண்மையாய் அண்டைக்கு மறந்தீங்களோ?"

அவர் எரிந்த கையை மற்றக் கையால் மூடினார்.

"அந்த நாளைத் திருப்பித் திருப்பி நடந்து பாத்திட்டன், பரமேஸ்வரி. நீங்கள் படி இறங்கிற சத்தம் கேட்டது. பானைக்கு முன்னாலை இருந்தன். அதுக்குப் பிறகு புகை. இடையிலை ஒண்டும் இல்லை." சற்றுப் பொறுத்து, "எனக்குத் தெரியாது" என்றார்.

எத்தனையோ தரம் அவர் வாயால் கேட்ட சொல்தான். அவ்வளவு மெதுவாகச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

அடுத்த நாளிலிருந்து வெளியே போகும்போதெல்லாம், குசினி யன்னலுக்குக் கீழே இருக்கும் காஸ் குழாயின் தாயடைப்பை, வீட்டுக்கு வரும் காஸை முழுக்க நிறுத்தும் திருகை, மூடிவிட்டுப் போனேன். அவருக்குத் தெரியாமல் செய்யவில்லை, அவர் பார்க்கத்தான் செய்தேன். அவர் அட்டையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பார், பிறகு குனிந்துகொள்வார். ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. சாம்பல் கொண்டுவரச் சொல்லியும் கேட்கவில்லை.

பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற நாள் வந்தது. குவெஸ்தூராவில் இடம் பிடிக்க விடியவே போக வேண்டும். ஒப்பந்தம், படம், எல்லாம் சரியோ என்று பார்த்துப் பார்த்து, அவசரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். முதலாம் மாடிக்கு வந்துவிட்டேன். மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்த்தேன். சின்யோரா கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரவுச் சட்டையோடு, ஏலாத முழங்காலில் வாசலுக்கு வந்து நின்றார்.

"பரமேஸ்வரி," என்றார், "நீங்கள் காஸை மூடேல்லை."

நான் திரும்பவும் படியேறினேன்.